மோரே மண்ணில் கிடைத்த ஒன்பது தோட்டாக்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மணிப்பூர் எல்லையில் மோரேயில் உங்கள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டியபோது சில பழைய தோட்டா உறைகள் கிடைத்திருக்கின்றன. இம்பால் சாலையில் வண்டி ஓட்டும் அவருடைய மகன் தெங்னௌபால் பக்கத்து மலைச்சரிவில் பொறுக்கி வந்ததும் சில. எல்லாம் சேர்ந்து ஒன்பது. இவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தவையா, எந்த நாட்டுக்காரன் சுட்டவை, சென்னைக்கு எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இராணுவத்தில் என் வேலை முழுவதும் வெடிபொருள் கிடங்குகளில்தான். அதில் மூன்று வருடம் மணிப்பூரில் கழிந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வரிசையில் கடைசியாக வைத்திருக்கிறீர்களே, ஒன்பதாவது, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற எட்டும் காலி உறைகள். ஒன்பதாவதன் வாயில் குண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அது உறை இல்லை, முழுத் தோட்டா. அடியில் கேப்பின் (ஊசி அடித்ததும் மருந்துக்குத் தீ வைக்கும் சின்ன மூடி) மேல் ஒரு பள்ளம் தெரிகிறது, 'அப்போ இது சுட்டதுதானே' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஊசி அடித்திருக்கிறது, ஆனால் வெடிக்கவில்லை, அவ்வளவுதான் அந்தப் பள்ளத்துக்கு அர்த்தம். போரின் நடுவில் எவனோ போல்ட்டை இழுத்து, வெடிக்காததை வெளியே தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்றியிருக்கிறான். எண்பது வருடம் மண்ணில் கிடந்தும் உள்ளே ஈரம் புகாத தோட்டாக்களை நான் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக்கு வெளியே வெடித்தால் குண்டு அதிக வேகத்தில் பாயாது என்பது உண்மை. ஆனால் பித்தளை கிழிந்து சில்லு சில்லாகப் பறக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் அது போதும். அதைத் தேய்க்க வேண்டாம், இடுக்கியில் பிடிக்க வேண்டாம், 'குண்டை மட்டும் கழற்றிவிடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு 112-க்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துப் போலீஸுக்கு இது புதிதில்லை. அடுத்த முறை மண்வெட்டியில் தட்டுவது அன்னாசிப் பழம் மாதிரி வெட்டுக்கோடு போட்ட இரும்பு உருண்டையாகவோ, வால் இறக்கை வைத்த சின்னக் குண்டாகவோ இருந்தால் கையால் தொடவே கூடாது. ஜப்பானியர்களின் வெடிபொருள் சிலவற்றில் பிக்ரிக் அமிலம் உண்டு. அது நாள்பட உலோகத்தோடு சேர்ந்து, புதிதாக இருந்தபோது இருந்ததைவிட மோசமாகிவிடும்.

அடுத்து ஒரு சின்னக் கோபம். ஐந்து உறைகள் கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னுகின்றன. புளி போட்டுத் தேய்த்தீர்களா, பீதாம்பரியா? எதுவாக இருந்தாலும் இனி வேண்டாம். தோட்டா உறையின் பித்தளை ஏறக்குறைய எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அமிலம் பட்டால் மேல்பரப்பிலிருந்து துத்தநாகம் முதலில் போய், உறை இளஞ்சிவப்பாகிவிடும். கேப்பைச் சுற்றி அரக்குப் பூச்சு இருந்திருந்தால் அதுவும் போய்விடும், அடியில் மெலிதாகக் குத்திய எழுத்தும் மழுங்கும். காலி உறையை வெறும் தண்ணீரில் ஒரு இரவு ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணை எடுத்து, எழுத்தின் பள்ளத்தைப் பல்குச்சியால் சுரண்டினால் போதும். அப்படியும் எழுத்து தெரியாவிட்டால் சாக்பீஸ் தூளை அடியில் தேய்த்து விரலால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை நிற்கும். இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. நீங்கள் அனுப்பியதில் பாதி அப்படித்தான்.

ஒரு உறையைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் அடியில் இருக்கும் எழுத்தைத்தான் தேடுகிறார்கள். நான் அதற்கு முன்னால் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைத் தேடுவேன். உறையின் நீளம், வாயின் உள்விட்டம், அடிவிளிம்பு உடம்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா, இந்த மூன்றும் தெரிந்தால் எந்த வகைத் துப்பாக்கி என்பது தெரிந்துவிடும். யார், எப்போது செய்தது என்பதை அதன் பிறகு எழுத்து சொல்லும். நீளத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள்தான் தப்பு செய்கிறார்கள்.

உங்கள் முதல் நான்கும் ஒரே இனம். நீளம் சுமார் 56 மி.மீ., அடிவிளிம்பு ஆணித்தலை மாதிரி நன்றாக வெளியே நீட்டி 13.5 மி.மீ. அளவில், மேலே கழுத்து குறுகி, வாய் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இதுதான் .303, நம் ஊர்க் காவல் நிலையங்களில் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்வார்களே அது. லீ என்ஃபீல்டு ரைஃபிள், பிரென் கன், விக்கர்ஸ் மெஷின் கன் மூன்றும் இதையே சாப்பிட்டன. ஒன்பதாவது முழுத் தோட்டாவும் இதே ரகம்தான்.

முதலாவதில் கே, எஃப், நடுவில் மேல்நோக்கிய ஓர் அம்பு, 42, ரோமன் எழுத்தில் ஏழு. அம்பு என்பது பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்ற முத்திரை. கே எஃப் என்றால் புனே பக்கத்துக் கிர்க்கி, இன்றைய கட்கி. 1869-ல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 42 என்பது 1942. ரோமன் ஏழு 'மார்க் செவன்' ரகம், 1910-லிருந்து பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் பொதுவான சாதாரணக் குண்டு. இங்கிலாந்தில் செய்ததில் 1944 வாக்கில் ரோமன் எண் போய் சாதாரண 7 வந்துவிடும். ஏழுக்குப் பின்னால் இசட் இருந்தால் உள்ளே கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. எட்டும் இசட்டும் சேர்ந்து இருந்தால் விக்கர்ஸ் மெஷின் கன்னுக்கென்று செய்தது. ஏழுக்குப் பதில் ஜி இருந்தால் ஒளிவிட்டுப் பாயும் டிரேசர், டபிள்யூ இருந்தால் கவசம் துளைப்பது, பி இருந்தால் தீ மூட்டுவது.

கார்டைட் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. .303 தோட்டாவுக்குள் இருந்தது நாம் நினைக்கிற மாதிரி கருமருந்துப் பொடி இல்லை. கெட்டிச் சேமியா மாதிரி நீள நீளக் குச்சிகள். நீலகிரியில் குன்னூர் போகிற வழியில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி என்று பலகை பார்த்திருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டியது இந்தச் சேமியாவைச் செய்யத்தான்.

கே எஃப்பை வெறும் கேயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கே மட்டும் இருந்தாலோ, கேக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தாலோ அது இங்கிலாந்துக் கைனாக் கம்பெனி. டி, அம்பு, டி என்று இருந்தால் கல்கத்தாவின் டம்டம். ஆமாம், விமான நிலையம் இருக்கிற அதே டம்டம். முனை விரிந்து உடம்பைக் கிழிக்கும் 'டம்டம் குண்டு' பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிறந்ததால் வந்த பெயர். 1899-ல் ஹேக் மாநாட்டில் அந்த வகைக் குண்டுக்குத் தடை வந்தது. டம்டம் முத்திரை இருக்கிற உறையெல்லாம் டம்டம் குண்டின் உறை என்று சந்தையில் கதை கட்டி விற்பார்கள். நம்பாதீர்கள்.

இரண்டாவதில் டி ஐ, 1943. கனடாவின் டிஃபன்ஸ் இண்டஸ்ட்ரீஸ். இம்பால் போருக்கான தோட்டா பாதி உலகத்திலிருந்து வந்தது என்பதை இந்த ஒரு உறையே காட்டும். ஆஸ்திரேலியா ஃபுட்ஸ்கிரேயில் செய்த எம் எஃப், அமெரிக்க வின்செஸ்டரின் டபிள்யூ ஆர் ஏ, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து கிரீன்வுட் அண்ட் பேட்லியின் ஜி பி, செஷயர் ராட்வே கிரீன் ஆலையின் ஆர் ஜி, எல்லாம் ஒரே பதுங்குகுழியில் கிடைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வேறு வேறு நாட்டு எழுத்து என்பதால் வேறு வேறு நாட்டுப் படை என்று ஆகிவிடாது. உறையின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை என்றால் 'பாக்ஸர்' முறை, அமெரிக்க, கனடா உறைகளில் பெரும்பாலும் அதுதான். நடுவில் சின்ன மேடும் இரண்டு பக்கமும் ஊசித் துளைகளும் என்றால் 'பெர்டன்' முறை. பிரிட்டிஷ், இந்திய, ஜப்பானிய உறைகள் அப்படி. எழுத்து முழுவதும் அழிந்துபோன உறைக்கு இந்தச் சோதனை கை கொடுக்கும்.

கேப்பைச் சுற்றி ஒரு மெல்லிய வண்ண வளையம் மிச்சம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் முறையில் ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு டிரேசர், பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீ மூட்டுவது. புளி படாத உறைகளில்தான் இதைத் தேட முடியும்.

நான்காவதுதான் உங்களுக்கு ஏமாற்றம். அதுவும் கே எஃப்தான். ஆனால் எண்ணை உற்றுப் பாருங்கள், 68. அதாவது 1968. ஜப்பானியர் போய் இருபத்துநாலு வருடம் கழித்துக் கட்கியில் வார்த்த உறை. .303 போரோடு முடிந்துபோன தோட்டா இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நம் போலீஸின் கையில் இருந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடை கொடுத்ததே 2020-ல்தான். மணிப்பூரில் ஐம்பதுகளுக்குப் பிறகு எத்தனை கைகளில் எத்தனை துப்பாக்கிகள் இருந்தன என்பது உங்கள் பெரியப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2023 கலவரத்துக்குப் பிறகு அங்கே மண்ணில் விழுந்தவையும் உண்டு. மலையில் கிடைத்ததெல்லாம் ஜப்பான் காலம் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஏமாறுவோம். விளிம்பு வெளியே நீட்டாமல், நீளம் 45 மி.மீ. என்றால் நம் நாட்டு இன்சாஸ் ரைஃபிள் வகை, 39 என்றால் ஏகே வகை, அடியில் ஓ எஃப் வி என்றால் மகாராஷ்டிரத்தின் வரண்காவ் ஆலை. இவை கிடைத்தால் சேகரிப்பில் சேர்க்காமல் போலீஸிடம் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவதுதான் எனக்கு ஒன்பதிலும் சுவாரசியமானது. ஆர் ஜி முத்திரை போட்ட .303. நீங்கள் 'டேமேஜ்' என்று ஒதுக்கிவிட்டீர்கள். உறையின் பக்கவாட்டில் கீழிருந்து மேல்வரை கிழிந்து, வாழைப்பூ மடல் மாதிரி வெளியே விரிந்திருக்கிறது. அடியில் கேப் இருந்த இடம் வெறும் ஓட்டை. துப்பாக்கியில் சுட்ட உறை இப்படி ஆகாது. துப்பாக்கியின் அறைக்குள் இருக்கும்போது எஃகுச் சுவர் நாலு பக்கமும் தாங்குவதால் உறை கிழிய இடமில்லை, கேப்பும் பள்ளத்தோடு அதன் இடத்திலேயே இருக்கும். வெளியே, தாங்க ஒன்றும் இல்லாமல், சூட்டில் தானாக வெடித்தால்தான் பக்கம் கிழியும், கேப் பின்னால் தெறித்துப் போகும். இது சுட்ட தோட்டா இல்லை தம்பி, தீயில் வெந்த தோட்டா.

மோரேயில் அப்படி ஒரு தீ இருந்தது. 1944 மார்ச்சில் ஜப்பானின் பதினைந்தாவது படை முட்டகுச்சியின் தலைமையில் சிந்த்வின் ஆற்றைத் தாண்டி வந்தபோது, தமு, மோரே பக்கத்தில் இருந்தது ஜெனரல் கிரேசியின் 20-வது இந்திய டிவிஷன். பர்மாவுக்குள் முன்னேறுவதற்காக மோரேயில் பெரிய சரக்குக் கிடங்கைக் கட்டி வைத்திருந்தார்கள். பின்வாங்கி ஷெனாம் மலைமுகட்டுக்குப் போகும்படி உத்தரவு வந்ததும், எடுத்துப் போக முடியாததையெல்லாம் மார்ச் கடைசியில் கொளுத்திவிட்டுப் போனார்கள். உங்கள் பெரியப்பாவின் செப்டிக் டேங்க் குழி அந்தக் கிடங்கின் சாம்பலைத் தொட்டிருக்கலாம். பின்னாளில் யாரோ குப்பையோடு சேர்த்து எரித்ததாகவும் இருக்கலாம். எது என்பதைச் சொல்ல உறையைப் பார்த்தால் போதாது, குழியைப் பார்க்க வேண்டும்.

எல்லா விரிசலும் தீயினால் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். கழுத்துப் பகுதியில் மட்டும் தலைமுடி மாதிரி மெல்லிய நீளக்கோடாக வெடித்திருந்தால் அதற்கு வேறு கதை. வெள்ளைக்காரர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், சுடாமலேயே கழுத்தில் விரிசல் விட்டன. ஏன் என்று நெடுநாள் புரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும், உறையைக் குறுக்கி இழுக்கும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-ல் விளக்கினார்கள். மழைக்காலத்தில் வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர். உலோகவியல் பாடத்தில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. உங்கள் ஐந்தாவது உறையின் கழுத்தில் தெரிகிற கோடு அந்த மாதிரிதான் தோன்றுகிறது.

அந்த ஐந்தாவதும் ஆறாவதும் ஏழாவதும் ஜப்பான். அடியில் எழுத்தே இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த வெறுமையே ஒரு முத்திரைதான். ஜப்பானியத் தரைப்படையின் ரைஃபிள் தோட்டாக்களில் பொதுவாக எதையும் குத்தமாட்டார்கள். ஆலைப் பெயரும் தேதியும் அட்டைப்பெட்டியின் மேல் காகிதத்தில் இருக்கும். காகிதம் மணிப்பூர் மழையில் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது. உறை மட்டும் ஊமையாக மிஞ்சியிருக்கிறது. கடற்படையின் கதை வேறு, அவர்களுடைய 7.7 மி.மீ. தோட்டா அச்சு அசல் .303-இன் நகல், அதில் ஜப்பானிய எழுத்து இருக்கும். ஆனால் மலைநாட்டு மோரேயில் கடற்படைக்கு என்ன வேலை?

ஐந்தும் ஆறும் நீளம் 50 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், வாய் 6.5-ஐ ஒட்டி. அடிவிளிம்பு உடம்பைவிட மயிரிழைதான் வெளியே நிற்கிறது, விரல் நகத்தை ஓட்டினால்தான் தெரியும். இது 6.5 மி.மீ. அரிசாகா. 1905-ஆம் வருடத்து டைப் 38 ரைஃபிளும், டைப் 96 லைட் மெஷின் கன்னும் இதைச் சுட்டன. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். நம் இராணுவத்தில் முன்பு இருந்த எஸ்எல்ஆர் ரைஃபிள் தோட்டாவின் உறை 51 மி.மீ. நீளம். நீளத்தில் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. வாயைப் பாருங்கள். எஸ்எல்ஆர் உறையின் வாய் 6.5 உறையின் வாயைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகலம், விளிம்பும் உடம்போடு சமமாக இருக்கும், அடியில் எழுத்தும் இருக்கும்.

ஏழாவது 58 மி.மீ., எழுத்தில்லாதது. 6.5 குண்டு பலவீனமாக இருக்கிறது என்று ஜப்பான் முப்பதுகளில் மாறத் தொடங்கிய 7.7 மி.மீ. இது. இதில் இரண்டு உண்டு. விளிம்பு உடம்போடு சமமாக இருந்தால் டைப் 99 ரைஃபிளுக்குச் செய்தது. விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் டைப் 92 ஹெவி மெஷின் கன்னுக்குச் செய்தது. அந்த மெஷின் கன் டொக் டொக் என்று நிதானமாகச் சுடும் சத்தத்தால் எதிர்த்தரப்புச் சிப்பாய்கள் அதற்கு மரங்கொத்தி என்று பேர் வைத்திருந்தார்கள். அதற்குத் தோட்டாவைப் பெல்ட்டில் கோர்க்காமல் முப்பது முப்பதாக நீண்ட உலோகப் பட்டையில் செருகித் தருவார்கள். அந்தச் சரிவில் பல் பல்லாக வெட்டிய நீளப் பட்டை ஏதாவது கிடந்ததா என்று உங்கள் அண்ணனைக் கேளுங்கள். பட்டை கிடந்தால் ஏழாவதை எது சுட்டது என்ற கேள்வி முடிந்தது. படத்தில் விளிம்பு தெளிவாக இல்லை, விட்டத்தை அளந்து சொல்லுங்கள், 12 மில்லிமீட்டரா அதற்கு மேலா.

எட்டாவது குட்டை உறை, 23 மி.மீ., கழுத்தே இல்லாமல் நேராக, எழுத்து ஆர் ஏ. இது .45, ரெமிங்டன் ஆர்ம்ஸ் கம்பெனி அமெரிக்காவில் செய்தது. பிஸ்டலிலும் போடலாம், ஆனால் இம்பால் போர்முனையில் தாம்சன் சப்மெஷின் கன்னில் போனதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் செக்ஷன் கமாண்டர்கள் கையில் இருந்த துப்பாக்கி அது. வருட எண் பாதி அழிந்து ஒரு 4 மட்டும் தெரிகிறது என்கிறீர்கள். அழிந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆலைகள் சில 1944 பிறந்ததும் புது அச்சு வெட்டாமல், 43-ல் இருந்த 3-ஐ மட்டும் அராவி எடுத்துவிட்டு, வெறும் 4 என்றே குத்தின. 4-க்குப் பக்கத்தில் சொரசொரப்பு இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் தோண்டினால் வேறு சிலவும் வரலாம். 63 மி.மீ. நீளம், விளிம்பு நீட்டாதது என்றால் அமெரிக்க .30. காலாட்படையைவிட டாங்கிகளில் இருந்து வந்திருக்கும். இம்பாலைச் சுற்றிச் சண்டையிட்ட லீ, ஸ்டுவர்ட் டாங்கிகளில் அந்த பிரௌனிங் மெஷின் கன் இருந்தது. 1944 ஏப்ரல் 13 அன்று நுன்ஷிகம் மலை உச்சிக்கே லீ டாங்கிகளை ஏற்றிவிட்டார்கள். கட்டைவிரல் கனத்தில் 99 மி.மீ. உறை என்றால் .50 பிரௌனிங். அதே கனம், ஆனால் 81 மி.மீ. தான் என்றால் ஜப்பானிய விமானத்திலிருந்து விழுந்தது. ஆகாயத்திலிருந்து விழுந்த .303-உம் உண்டு. தோட்டாக்களைக் கோர்க்கும் இரும்புக் கொக்கிகளோடு சேர்ந்து சிதறிக் கிடந்தால் விமானத்தைச் சந்தேகப்படலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, யார் சுட்டது. .303 என்றால் பிரிட்டிஷ் தரப்பு, 6.5 என்றால் ஜப்பான் தரப்பு என்று கோடு போட்டுவிடத் தோன்றும். அங்கேதான் நிறுத்த வேண்டும். சிங்கப்பூரில் பிரிட்டிஷார் சரணடைந்தபோது விட்டுப்போன .303 ரைஃபிள்களைத் தூக்கிக்கொண்டுதான் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் (ஐஎன்ஏ) இந்த எல்லைக்கு வந்தது. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த நம் தமிழர்கள் அந்தப் படையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதன் காந்தி படைப்பிரிவு உங்கள் அண்ணன் பொறுக்கி வந்த அதே பாலேல், தெங்னௌபால் வட்டாரத்தில் சண்டை போட்டது. ஆக உங்கள் .303 ஒன்றை ஒரு கூர்க்கா சுட்டிருக்கலாம், எதிர்ச்சரிவிலிருந்து ஐஎன்ஏ வீரரும் சுட்டிருக்கலாம், கைப்பற்றிய பிரென் கன்னை வைத்து ஜப்பானியரும் சுட்டிருக்கலாம். எங்கே வார்த்தது, எப்போது வார்த்தது, எந்த இனத் துப்பாக்கி என்பதோடு உறையின் சாட்சியம் முடிகிறது. யார் கை என்பதைச் சொல்ல, அது கிடந்த இடமும் பக்கத்தில் கிடந்தவையும் வேண்டும்.

இடம் தெரிந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-ல் கஸ்டர் என்ற இராணுவ அதிகாரியும் அவரோடு நின்ற படையும் செவ்விந்தியர்களிடம் அழிந்துபோனார்கள். 1983-ல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை தெரிந்ததும், டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினார்கள். ஒவ்வொரு உறையையும் எடுக்கும் முன்னால் அது கிடந்த இடத்தைக் குறித்தார்கள். பிறகு கேப்பின் பள்ளத்தையும், உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி விளிம்பில் விட்ட கீறலையும் மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசிக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு. ஒரே துப்பாக்கி இங்கே சுட்டு, நகர்ந்து போய் அங்கே சுட்டது என்பது வரை, நூறு வருடம் கழித்து வரைபடம் போட்டுவிட்டார்கள்.

உங்கள் முதலாவதும் இரண்டாவதும் எனக்கு அந்த ஆசையைக் கிளப்பின. இரண்டின் கேப்பிலும் பள்ளம் நடுவிலிருந்து ஒரே பக்கம் விலகி, ஒரே ஆழத்தில் இருக்கிறது. ஒரே துப்பாக்கியாக இருக்க வாய்ப்புண்டு. கட்கியில் 42-ல் வார்த்ததும் கனடாவில் 43-ல் வார்த்ததும் ஒரே ஆளின் பையில் இருந்து, ஒரே இடத்தில் காலியாகியிருக்கின்றன என்றால் அது நல்ல சேதி. ஆனால் ஒன்று கொல்லையில் கிடைத்து மற்றது பத்துப் பதினைந்து மைல் தள்ளி மலையில் கிடைத்ததா, இரண்டும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தனவா? எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டதோடு அது போய்விட்டது. இனி எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி கவர், கவரின் மேல் இடம், ஆழம், தேதி. எடுக்கும் முன்னால் செல்போனில் ஒரு படம், லொகேஷனோடு. இதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

ஊருக்கு எடுத்து வருவது பற்றி. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்குள் அதன் பாகங்களும் அடங்கும். முழுத் தோட்டா உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், அதில் இரண்டாம் பேச்சில்லை. காலி உறைக்கு, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு விலக்கு என்று 45-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த விலக்கை நீங்கள் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். இம்பால் விமான நிலையத்தில் எக்ஸ்ரே முன்னால் நிற்கிறவரிடம் அது செல்லாது. கைப்பையிலும் வேண்டாம், செக்-இன் பெட்டியிலும் வேண்டாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் சாவிக்கொத்தில் ஒரே ஒரு காலி உறையைத் தொங்கவிட்டிருந்ததால் விமானத்தைத் தவறவிட்டு, அரை நாள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூரியரிலும் இதே வில்லங்கம்தான். தொல்பொருள் சட்டத்துக்கு நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும், 1944-க்கு இன்னும் ஆகவில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

விலை கேட்டிருந்தீர்கள். பித்தளைக் கடையில் எடை போட்டால் ஒரு டீ, வடைக்கு வரும். சேகரிப்பாளர்களிடமும் .303 காலி உறைக்கு மதிப்பில்லை, அவ்வளவு கோடிக் கணக்கில் செய்து தள்ளினார்கள். காலி உறைகளைக் கொடுத்துவிடுவதாக இருந்தால் இம்பாலுக்கு அருகே மைபம் லோட்பா சிங்கில் 2019-ல் திறந்த இம்பால் அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது. மொய்ராங்கில் ஐஎன்ஏ அருங்காட்சியகம் இருக்கிறது. கிடைத்த இடத்தை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு உறையைவிட அந்தக் காகிதம் உதவும்.

ஒரு வேலை மட்டும் அவசரம். பெரியப்பாவுக்கு இன்றே போன் போட்டு, குழியின் பக்கச்சுவரில் கரிப்பட்டை மாதிரி கறுப்பு அடுக்கு ஏதாவது தெரிகிறதா, கிழிந்த உறை அந்த அடுக்கில்தான் கிடைத்ததா என்று கேளுங்கள். இருந்தால் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று குறிக்கச் சொல்லுங்கள். கொத்தனார் டேங்கை இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டால் அதைத் திரும்பப் பார்க்க முடியாது.